வான் வண்டியில் ஏற்றுவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு எண்ணைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி: ஜேர்மனியின் நோர்ட்ரைன்-வெஸ்ற்பாலன் மாநிலத்தில் நானும் மச்சானும் சிறிய பியர் ஆலை ஒன்றை நடத்துகிறோம். வருடத்துக்கு 800 ஹெக்டோலீற்றர் வரை காய்ச்சுகிறோம். பரிஸ் லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் உறவினர் 60 பெட்டி கேட்கிறார் (பெட்டிக்கு 330 மில்லிலீற்றர் ரின் 24). ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்கம் இல்லைத்தானே, பில் எழுதி எங்கள் வானிலேயே ஏற்றிக்கொண்டு போகலாமா? டென்மார்க்கில் இருந்து சிலர் இணையத்தில் ஓடர் தந்து வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். லண்டனில் ஓர் உணவகம் ஒரு பலட் கேட்கிறது. பனங்கட்டி சேர்த்து ஒரு பியர் காய்ச்சவும் யோசிக்கிறோம். அதற்குத் தனி அனுமதி வேண்டுமா?

பதில்:

வணக்கம். முதலில் வான் விஷயம். ஏற்ற வேண்டாம். பில் மட்டும் கையில் இருக்க எல்லை தாண்டிய பியர், வழியில் மறிக்கப்பட்டால் வரி கட்டாத மதுவாகவே பார்க்கப்படும். பியர் தடுத்து வைக்கப்படும், பிடிபட்ட நாட்டின் மதுவரியைக் கேட்பார்கள், அதற்கு மேல் தண்டமும் வரும். ஜேர்மனியில் கட்டிய மதுவரியின் பற்றுச்சீட்டைக் காட்டினாலும் அது உங்களைக் காப்பாற்றாது.

ஒன்றியத்துக்குள் பொருள்கள் சுங்கமின்றிப் போய்வரும் என்பது சரி. ஆனால் மதுசாரம், புகையிலை, எரிபொருள் ஆகிய மூன்றும் அந்தச் சுதந்திரத்துக்குள் முழுமையாக அடங்குவதில்லை. அவற்றுக்குரிய வரி, அவை எந்த நாட்டில் நுகரப்படுகின்றனவோ அந்த நாட்டுக்குச் சேர வேண்டும். உங்கள் பியர் லாச்சப்பலில் குடிக்கப்பட்டால் வரி பிரான்சுக்கு. எனவே பியர் நகரும் ஒவ்வொரு முறையும், 'இதற்கான வரியை அங்கே நான் பொறுப்பேற்கிறேன்' என்று பதிவு செய்த ஒருவர் பெறும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். உங்கள் நான்கு கேள்விகளில் மூன்றுக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. 2023 பெப்ரவரி 13 முதல் நடைமுறையில் இருக்கும் 2020/262 என்ற ஒன்றியப் பணிப்புரையும் இதே கொள்கையில்தான் எழுதப்பட்டது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை உங்கள் 60 பெட்டிகளை வைத்தே பார்க்கலாம். 1,440 ரின், மொத்தம் 475.2 லீற்றர், அதாவது 4.752 ஹெக்டோலீற்றர். ஜேர்மன் பியர் வரி ஒரு ஹெக்டோலீற்றருக்கு, ஒரு பிளாட்டோ பாகைக்கு (நொதிக்கும் முன் உள்ள சர்க்கரைச் செறிவின் அளவு) 0.787 யூரோ. 12 பாகைப் பியர் என்றால் ஹெக்டோலீற்றருக்கு 9.44 யூரோ. 5,000 ஹெக்டோலீற்றருக்கு உட்பட்ட சுயாதீன ஆலைக்கு அதில் பாதி. ஆக உங்கள் முழுச் சரக்குக்கும் ஜேர்மனியில் சுமார் 22 யூரோ, ரின் ஒன்றுக்கு ஒன்றரைச் சதம். இதே 475 லீற்றர், 5 சதவீத மதுசாரத்தோடு லண்டனுக்குப் போனால்? 2023 ஓகஸ்டில் புதிய முறை தொடங்கியபோது இருந்த வீதம் ஒரு லீற்றர் தூய மதுசாரத்துக்கு 21.01 பவுண்ட். 23.76 லீற்றர் தூய மதுசாரத்துக்கு ஏறத்தாழ 499 பவுண்ட், ரின்னுக்கு 35 பென்ஸ். அந்த வீதம் அதன்பின் கூடியிருக்கிறது. வரியில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது எந்த நாடும் கண்ணை மூடிக்கொண்டு இருக்காது.

இனிப் பரிஸ். சட்டப்படி இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, வரியை நிறுத்திவைத்து அனுப்புவது. ஜேர்மனியில் பியர் காய்ச்சுவதற்கே உங்களிடம் 'ஸ்ரொயர்லாகர்' எனும் வரிக் களஞ்சிய அனுமதி இருக்கும். அந்தக் களஞ்சியத்துக்குள் இருக்கும்வரை பியருக்கு வரி எழுவதில்லை. அங்கிருந்து நேராகப் பிரான்சில் உள்ள ஒரு வரிக் களஞ்சியத்துக்கோ, பதிவுபெற்ற பெறுநருக்கோ அனுப்பினால் ஜேர்மன் வரி எழாது. பிரான்சில் சேர்ந்த பின் பெறுபவர் அங்கே கட்டுவார்.

இங்கேதான் உங்கள் உறவினரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'அண்ணை, உங்களிடம் மதுவரி எண் இருக்கிறதா?' பெறுமதிசேர் வரி எண்ணை அவர் சொன்னால் அது வேறு. மதுவரி எண் 13 இடங்கள் கொண்டது. முதல் இரண்டும் நாட்டின் எழுத்துகள், பிரான்ஸ் என்றால் எஃப், ஆர். பெரும்பாலான பலசரக்குக் கடைகளிடம் இது இருக்காது. கடையில் மது விற்கும் அனுமதி அவரிடம் இருக்கலாம். ஆனால் விற்கும் அனுமதி வேறு, வேறு நாட்டில் இருந்து வரி நிறுத்திய சரக்கைப் பெறும் அனுமதி வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் இவ்வகை வியாபாரங்கள் அதிகம் சிக்கலாகின்றன.

எண் இல்லையென்றால் அவருக்கு மூன்று தெரிவுகள். ஒன்று, பிரெஞ்சுச் சுங்கத்திடம் 'தெஸ்தினாத்தேர் அன்ரெஜிஸ்த்ரே' எனும் நிரந்தரப் பதிவைப் பெறுவது. மாதாமாதம் எடுக்கப் போகிறார் என்றால் இது பொருந்தும். இரண்டு, ஒரு சரக்குக்கு மட்டும் தற்காலிகப் பதிவு. இன்னாரிடம் இருந்து, இன்ன அளவு, இன்ன காலத்துக்குள் என்று குறிப்பிட்டுத் தருவார்கள். சரக்குப் புறப்படும் முன்பே பிரான்சில் வரிக்கான உத்தரவாதத்தை அவர் வைக்க வேண்டும். மூன்று, ஏற்கெனவே பதிவுள்ள பிரெஞ்சு மொத்த வியாபாரி ஒருவர் வழியாக எடுப்பது. அவர் பெட்டிக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வார், பத்திர வேலை முழுவதும் அவர் தலையில். முதல் 60 பெட்டிக்கு இந்த மூன்றாவது வழியையே சொல்வேன். விற்குமா விற்காதா என்று தெரியாத சரக்குக்காகக் கடைக்காரரைச் சுங்கப் பதிவுக்குள் இழுப்பது வீண் சுமை.

பெறுபவர் உறுதியானதும் உங்கள் பக்க வேலை தொடங்கும். அவர் தந்த எண்ணை ஒன்றியத்தின் 'சீட்' எனும் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் உயிரோடு இருக்கிறதா, பியரைப் பெற அனுமதி இருக்கிறதா என்று காட்டும். வைன் மட்டும் பெறும் அனுமதியோடு இருப்பவர்களும் உண்டு. பிறகு உங்கள் ஹவுப்ட்ஸோல்அம்ட்டில், அதாவது தலைமைச் சுங்க அலுவலகத்தில், வேறு உறுப்பு நாடுகளுக்கு வரி நிறுத்தி அனுப்புவதற்கான உத்தரவாதம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். உள்நாட்டில் மட்டும் விற்ற ஆலைகளிடம் இது பெரும்பாலும் இருக்காது, தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்து, மதுவரிச் சரக்குகளின் நகர்வைக் கண்காணிக்கும் இ.எம்.சி.எஸ். எனும் மின்னணு முறைமையில், சரக்கோடு போகும் துணை ஆவணத்தைப் பதிய வேண்டும். ஜேர்மன் சுங்கம் தரும் இணையப் பயன்பாட்டிலேயே செய்யலாம், சிறிய ஆலைக்குக் கட்டண மென்பொருள் தேவையில்லை. புறப்படும் நாளுக்கு ஏழு நாள்களுக்கு முன்னதாகப் பதிய முடியாது. பியருக்கான பொருள் குறியீடு பி000. அளவு லீற்றரில், மதுசாரச் செறிவு, பிளாட்டோ பாகை, பெட்டிகளின் எண்ணிக்கை, பயண நேரம், யார் ஓட்டுகிறார், யாருடைய உத்தரவாதம் எல்லாம் கேட்கும். முறைமை ஏற்றுக்கொண்டதும் 21 இடங்கள் கொண்ட ஏ.ஆர்.சி. எண் கிடைக்கும். அந்த எண் சாரதியின் கையில் இருந்தால்தான் வாகனம் நகரலாம். உங்கள் சொந்த வானானாலும் இதே விதிதான். எண் கிடைத்த பின் நீங்களே ஓட்டிக்கொண்டு போவதில் பிழையில்லை.

சரக்குச் சேர்ந்ததோடு வேலை முடிவதில்லை. பெறுபவர் ஐந்து வேலை நாள்களுக்குள் முறைமையில் பெற்றறிக்கையைப் பதிய வேண்டும். அது வரும்வரை அந்தச் சரக்கு 'வழியில் இருப்பது' என்றே கணக்கில் நிற்கும், உங்கள் உத்தரவாதமும் கட்டுண்டு கிடக்கும். புறப்பட்டு நான்கு மாதத்துக்குள் அறிக்கையும் வரவில்லை, வேறு சான்றும் இல்லை என்றால், முறைகேடு அனுப்பிய நாட்டிலேயே நடந்ததாகக் கொண்டு ஜேர்மன் வரியை உங்களிடம் கேட்பார்கள். ஆகவே ஆறாவது வேலை நாளே முறைமையைத் திறந்து பாருங்கள். 'பெறப்பட்டது' என்று இல்லையென்றால் அன்றைக்கே பரிசுக்குத் தொலைபேசி எடுங்கள். பல இடங்களில் பெறுபவர் பெட்டிகளை அடுக்கிவிட்டுக் கணினிப் பக்கமே போயிருக்க மாட்டார்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கும். ஆவணத்தில் 60 பெட்டி என்று எழுதி, கடைசி நேரத்தில் மச்சான் அன்பாக இரண்டு பெட்டி கூடப் போட்டுவிடுவார். எல்லைக்குப் பக்கத்தில் எண்ணிப் பார்க்கும் அதிகாரிக்கு அந்த இரண்டும் ஆவணமில்லாத மது. மாதிரிக்குக் கொடுக்கும் ரின்களும் அப்படியே. பியர் விழாவுக்குக் கொண்டுபோகும் கெக் பீப்பாயும் அப்படியே. 'விற்கவில்லை, சுவைக்கத்தான் கொடுத்தோம்' என்பது வரியில் இருந்து விலக்குத் தராது. வழியில் கடை மாறினால், வேறு களஞ்சியத்தில் இறக்க வேண்டி வந்தால், முதலில் முறைமையில் சேரிடத்தை மாற்றிவிட்டு அதன்பின் வண்டியைத் திருப்புங்கள்.

இரண்டாவது வழி, ஜேர்மனியில் வரி கட்டிய பியரை அனுப்புவது. உங்கள் கடைத்தட்டில் ஏற்கெனவே வரி கட்டிய சரக்கு கிடந்து, அதையே அனுப்ப வேண்டும் என்றால் இது. முன்பு காகிதத்தில் நடந்த இந்த முறை 2023 பெப்ரவரியில் இருந்து மின்னணு முறைமைக்குள் வந்துவிட்டது. நீங்கள் 'சான்றுபெற்ற அனுப்புநர்', அவர் 'சான்றுபெற்ற பெறுநர்' என்று இரு பக்கமும் பதிய வேண்டும். அவர் பிரான்சில் வரி கட்டியதற்கான சான்று வந்த பின் ஜேர்மன் வரியை மீளக் கேட்கலாம். உங்கள் தொகை 22 யூரோ. அதற்காக இந்த வழியைத் தெரிவு செய்வதில் பயனில்லை. களஞ்சியம் வைத்திருக்கும் ஆலைக்கு முதல் வழியே சுத்தமானது.

பெறுமதிசேர் வரியை இதோடு குழப்ப வேண்டாம், அது தனிக் கணக்கு. பிரெஞ்சு வியாபாரியின் வரி எண்ணை ஒன்றியத்தின் 'வியெஸ்' இணையத்தளத்தில் சரிபார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்துவைத்து, பில்லில் ஜேர்மன் வரி சேர்க்காமல் எழுதி, அடுத்த மாதம் 25ஆம் திகதிக்குள் தொகுப்பறிக்கை கொடுத்தால் போதும். உங்கள் கணக்காளருக்கு இது பழகிய வேலை.

இதைவிட முக்கியமான ஒரு தாள் இருக்கிறது. ஆண்டுக்கு 200,000 ஹெக்டோலீற்றருக்குக் குறைவாகக் காய்ச்சும் சுயாதீன ஆலைக்குச் சலுகை வீதம் கொடுக்க ஒன்றியச் சட்டம் இடம் தருகிறது. பிரான்ஸ் கொடுக்கிறது. ஆனால் நீங்கள் சின்ன ஆலை என்று பிரெஞ்சுச் சுங்கத்துக்கு எப்படித் தெரியும்? 2022 தொடக்கத்தில் இருந்து இதற்கென ஒன்றியம் முழுவதற்கும் ஒரே வடிவச் சான்றிதழ் உண்டு. உங்கள் ஆண்டு உற்பத்தியையும் சுயாதீனத்தையும் அது உறுதிப்படுத்துகிறது. அந்தக் குறிப்பு துணை ஆவணத்திலும் ஏற வேண்டும். இதை விட்டுவிட்டால் உங்கள் பெறுநர் பெரிய ஆலைகளின் வீதத்தைக் கட்டுவார். அந்தப் பணம் ஒருவருக்கும் தெரியாமல் உங்கள் பியரின் விலையில் ஏறிவிடும்.

வரி கணிக்கும் முறையும் வேறு. ஜேர்மனி காய்ச்சும்போது வோர்ட்டில், அதாவது நொதிக்கும் முன்னான இனிப்புச் சாற்றில், எவ்வளவு சர்க்கரை இருந்தது என்று பிளாட்டோ பாகையில் பார்க்கிறது. பிரான்ஸ் ரின்னுக்குள் இப்போது எவ்வளவு மதுசாரம் இருக்கிறது என்று பார்க்கிறது. ஆகவே ஜேர்மனியில் 12 பாகை என்று கணக்கு வைத்தால் போதும் என்று இருந்த ஆலை, பிரான்சுக்கு அனுப்பத் தொடங்கியதும் ஒவ்வொரு காய்ச்சலின் மதுசார அளவையும் அளந்து ஏட்டில் வைக்க வேண்டும். லேபலில் எழுதும் அளவுக்கும் உள்ளே இருப்பதற்கும் இடையே, 5.5 சதவீதம் வரையான பியருக்கு 0.5 வரைதான் வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேற்பட்ட பியருக்கு 1.0.

லேபல் விஷயத்தில் பலர் வரிப் பத்திரங்களை ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசியில் தடுக்கி விழுகிறார்கள். பெயர், நிகர அளவு, மதுசாரம் மூன்றும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், ரின்னைத் திருப்பித் தேட வைக்கக் கூடாது. 330 மில்லிலீற்றர் ரின்னில் அளவைக் குறிக்கும் இலக்கம் குறைந்தது 4 மில்லிமீற்றர் உயரம். மற்ற எழுத்துகளில் சிறிய எக்ஸ் எழுத்தின் உயரம் 1.2 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. பார்லி மோல்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஒவ்வாமைப் பொருள், ஆகவே எடுத்துக்காட்டி எழுத வேண்டும், அதுவும் பிரெஞ்சில். கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கைப் படமோ வாசகமோ பிரான்சில் கட்டாயம். 'திரிமான்' எனும் குப்பை பிரிப்புச் சின்னமும் அதன் அறிவுறுத்தலும் ரின்னில் வேண்டும். பிரான்சில் பொதிகளுக்கான உற்பத்தியாளர் பொறுப்புப் பதிவு யார் பெயரில் என்பதை இறக்குமதி செய்பவரோடு எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரின்னில் ஒரு பொறி இருக்கிறது. ஜேர்மனியில் ஒரு ரின்னுக்கு 25 சதம் வைப்புப் பணம் (வெறும் ரின்னைத் திருப்பினால் மீளக் கிடைப்பது), அதற்கு டி.பி.ஜி. சின்னமும் பட்டைக் குறியீடும். அதே ரின்னைப் பிரான்சுக்கும் அனுப்பினீர்கள் என்றால், அங்கே வைப்புப் பணம் வாங்காமல் விற்ற ரின்னை ஒருவர் ஜேர்மன் எல்லை நகரங்களான ஆகனுக்கோ சார்புருக்கனுக்கோ கொண்டுவந்து இயந்திரத்தில் போட்டு 25 சதம் எடுத்துவிடலாம். அந்தப் பணம் உங்கள் கணக்கில் இருந்துதான் போகும். 1,440 ரின்னுக்கு 360 யூரோ, நீங்கள் கட்டும் பியர் வரியின் பதினாறு மடங்கு. ஏற்றுமதி ரின்னுக்குச் சின்னம் இல்லாத தனி லேபல், தனிப் பட்டைக் குறியீடு. லேபல் சுற்றும் ஆலை என்றால் இது சுலபம். அச்சிட்ட ரின் வாங்கும் ஆலை என்றால் இப்போதே திட்டமிடுங்கள்.

பனங்கட்டிக்கு வருவோம். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் விடை கொஞ்சம் நீளம்.

ஜேர்மன் பியர்ச் சட்டம் கீழ்நொதிப் பியருக்கு (ஈஸ்ற் அடியில் தங்கி நொதிப்பது) பார்லி மோல்ட், ஹொப் எனும் கசப்புப் பூ, ஈஸ்ற், தண்ணீர் நான்கை மட்டும் அனுமதிக்கிறது. மேல்நொதிப் பியருக்கு (ஈஸ்ற் மேலே மிதந்து நொதிப்பது) வேறு தானிய மோல்ட்டும், சுத்திகரித்த கரும்பு, பீற் போன்ற சில வகைச் சர்க்கரைகளும் சேர்க்கலாம். பனங்கட்டி இந்தப் பட்டியலில் இல்லை. அது பனையில் இருந்து வருவது, சுத்திகரிக்காதது. ஆகவே 'பியர்' என்ற பெயரில் விற்க, அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு 7ஆம் உட்பிரிவின்படி 'சிறப்புப் பியர்' என்று விதிவிலக்குக் கேட்க வேண்டும். மாநில உணவு அதிகாரத்திடம், செய்முறையும் அளவும் லேபல் வரைவும் இணைத்து, ஒவ்வொரு பியருக்கும் தனித்தனியாக. நீங்கள் பவேரியாவில் இல்லாதது நல்லது, அங்கே இந்த விலக்கு கிடைப்பது அரிது. அதே உட்பிரிவு ஏற்றுமதிக்கென்று காய்ச்சும் பியருக்கும் விலக்குக் கேட்க இடம் தருகிறது. விண்ணப்பத்தில் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெல்ஜியத்தில் கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும் போட்டுக் காய்ச்சிய பியர் ஜேர்மன் கடைகளில் பியர் என்ற பெயரோடே விற்கப்படுகிறது. 1987 மார்ச் 12இல் ஐரோப்பிய நீதிமன்றம், மற்ற உறுப்பு நாடுகளில் சட்டப்படி காய்ச்சிய பியரை இந்தப் பியர்ச் சட்டத்தைக் காட்டி ஜேர்மனி தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வெளியில் இருந்து வரும் பியருக்குத்தான். ஜேர்மனிக்குள் காய்ச்சுபவருக்குப் பழைய கட்டுப்பாடு தொடர்கிறது. இது சிறிய ஆலைகளுக்கு நியாயமான நிலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இன்றைய சட்டம் இது, விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும்.

பிரான்சில் பனங்கட்டி பிரச்சினை இல்லை. அங்கே 1992ஆம் ஆண்டின் விதி, பயன்படுத்தும் மாச்சத்து, சர்க்கரைப் பொருள்களின் எடையில் குறைந்தது 50 சதவீதம் மோல்ட் ஆக இருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்திலும் போக மாட்டீர்கள். போனால் இன்னொரு ஆபத்து: சுங்க வகைப்பாட்டில் பியர் 2203, அது மோல்ட்டில் இருந்து வருவது. சர்க்கரை மேலோங்கினால் 2206 எனும் 'வேறு நொதித்த பானம்' என்று வகைப்படுத்தலாம். அப்போது வரி வீதம் மாறும், சிறிய ஆலைச் சான்றிதழும் அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

பனங்கட்டியை எப்போது போடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கொதிக்கும் வோர்ட்டில் கரைத்தால் ஈஸ்ற் தின்று முடித்துவிடும், மிஞ்சுவது மணமும் நிறமும். சிலர் இனிப்பும் வேண்டும் என்று நொதித்து முடிந்த பியரில் பாகாகச் சேர்த்து, சூடேற்றிக் கிருமி நீக்காமல் ரின்னில் அடைக்கிறார்கள். உள்ளே உயிரோடு ஈஸ்ற் இருக்கிறது. லீற்றருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தாலே கரியமில வாயு லீற்றருக்கு 2 கிராம் கூடும், மதுசாரம் 0.26 சதவீதம் ஏறும். 5 கிராம் வாயுவோடு அடைத்த ரின் 7 கிராமுக்குப் போகிறது. லீற்றருக்கு 10 கிராம் பாகு விட்டிருந்தால் வெயிலில் நின்ற வானுக்குள் ரின் வீங்கிப் பிளக்கும். பிளக்காத ரின்னிலும் மதுசாரம் அரைச் சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கும். லேபல் பொய்யாகிவிடும், பிரான்சுக்குச் சொன்ன அளவும் பொய்யாகிவிடும். இனிப்பு வேண்டும் என்றால் ரின்னோடு சேர்த்துப் பாஸ்ரரைஸ் செய்யுங்கள். வசதி இல்லையென்றால் பனங்கட்டியைக் கொதிகலனிலேயே போட்டுவிடுங்கள்.

டென்மார்க் வாடிக்கையாளர்களுக்கு வீட்டுக்கு அனுப்பும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தனி நபருக்கு வரி நிறுத்தி அனுப்ப முடியாது. வரி கட்டிய பியரைத் தபாலில் அனுப்பினால் அது தொலைவிற்பனை. முதல் பொதி புறப்படும் முன்பே நீங்களோ உங்கள் வரிப் பிரதிநிதியோ டென்மார்க்கில் பதிந்து, உத்தரவாதம் வைத்து, அங்கே மதுவரி கட்ட வேண்டும். இத்தனை ரின்னுக்குக் குறைவென்றால் விலக்கு என்று மதுவரியில் ஏதும் இல்லை. மேலே 25 சதவீதப் பெறுமதிசேர் வரி. ரின் என்பதால் டென்மார்க்கின் வைப்புப் பண முறைமையிலும் பதிந்து அவர்களுடைய சின்னத்தை அச்சிட வேண்டும். மாதம் இருபது பெட்டிக்கு இது கட்டுப்படியாகாது. 'வாடிக்கையாளரே கூரியர் பிடித்துக்கொள்ளட்டும், நாங்கள் இணைப்பை மட்டும் கொடுப்போம்' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அனுப்புபவர் நேரடியாகவோ மறைமுகமாகவோ சம்பந்தப்பட்டாலே தொலைவிற்பனைதான்.

அவர்களே வாகனத்தில் வந்து உங்கள் ஆலையில் வாங்கித் தாங்களே கொண்டுபோனால் அது முற்றிலும் சட்டப்படியானது. சொந்தப் பாவனைக்கு என்றால் அங்கே மறுபடி வரி இல்லை. 110 லீற்றர் பியர் வரை சொந்தப் பாவனை என்று பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் 330 மில்லிலீற்றர் ரின்னில் அது 333, பதின்மூன்று பெட்டிக்கு மேல். டென்மார்க்காரர் எல்லை தாண்டி வந்து ஜேர்மன் எல்லைக் கடைகளில் பெட்டி பெட்டியாக ஏற்றிப் போவது இந்த விதியின் கீழ்தான். நண்பர்களிடம் காசு சேர்த்து அவர்களுக்கும் சேர்த்து ஒருவர் வாங்கிப் போவது சொந்தப் பாவனை ஆகாது, அதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

லண்டன் 2021 ஜனவரி முதல் ஒன்றியத்தின் சுங்க, மதுவரி எல்லைக்கு வெளியே. அது ஏற்றுமதி. உங்களுக்கு ஈ.ஓ.ஆர்.ஐ. எனும் சுங்க அடையாள எண் வேண்டும், உணவகத்துக்குப் பிரித்தானிய ஈ.ஓ.ஆர்.ஐ. எண் வேண்டும். முதலில் இ.எம்.சி.எஸ்.இல் 'ஏற்றுமதி' என்று துணை ஆவணம் பதிந்து ஏ.ஆர்.சி. எண் எடுக்க வேண்டும், பிறகு அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஜேர்மன் சுங்கத்தின் 'அற்லஸ்' முறைமையில் ஏற்றுமதி அறிவிப்பு. வாகனம் கலே வழியாகப் போனால், ஒன்றியத்தை விட்டு வெளியேறியதை அங்குள்ள பிரெஞ்சுச் சுங்கம் முறைமையில் உறுதிசெய்ய வேண்டும். அவசரத்தில் சாரதி சுங்கத்தில் காட்டாமல் கப்பலேறிவிட்டால் வெளியேற்றச் சான்று வராது. சான்று இல்லையென்றால் பியர் ஒன்றியத்துக்குள்ளேயே இருப்பதாகக் கொண்டு ஜேர்மன் மதுவரியும் பெறுமதிசேர் வரியும் உங்கள் மேல். வாகன நிறுவனத்துக்கு இதை எழுத்தில் கொடுங்கள், பல பேருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் லொறி என்றால் இன்னும் கட்டாயமாக.

அந்தப் பக்கத்தில் பியருக்குச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் மேலே கணக்குப் பார்த்த மதுவரியும் 20 சதவீதப் பெறுமதிசேர் வரியும் உண்டு. அங்கும் சிறு உற்பத்தியாளர் சலுகை இருக்கிறது: 8.5 சதவீதத்துக்குக் குறைந்த மதுசாரம், ஆண்டுக்கு 4,500 ஹெக்டோலீற்றர் தூய மதுசாரத்துக்கு உட்பட்ட உற்பத்தி. உங்கள் 800 ஹெக்டோலீற்றர் பியரில் தூய மதுசாரம் 40 ஹெக்டோலீற்றர்தான். இறக்குமதி செய்பவர் இதைக் கோர, உற்பத்தி விபரத்தை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்த 499 பவுண்ட் கணிசமாக இறங்கும். லேபலில் பிரித்தானிய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் 2024 தொடக்கத்தில் இருந்து கட்டாயம். ஒரு பலட்டுக்கு ஒட்டுலேபல் அடித்து ஒட்டலாம். உணவகம் தன் மேசையில் மட்டும் விற்றால் இத்தோடு போதும். பக்கத்து உணவகங்களுக்கும் கைமாற்றப் போகிறது என்றால் அது மொத்த வியாபாரம், பிரித்தானிய வருவாய்த் துறையின் மொத்த வியாபாரி அங்கீகாரத்தை முன்கூட்டியே பெற வேண்டும். ஒரு பலட்டுக்கு இரு பக்கத்துச் சுங்க முகவர் கட்டணமும் சேரும். விலை சொல்லும் முன் அந்த இரண்டு கட்டணத்தையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் இலாபம் முழுக்க அதிலேயே போய்விடும்.

எதை முதலில் செய்வது? பனங்கட்டி விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள், அதற்குத்தான் அதிக நாள் எடுக்கும். அதோடு ஹவுப்ட்ஸோல்அம்ட்டில் உத்தரவாதத்தையும் சிறிய ஆலைச் சான்றிதழையும் கேளுங்கள். இரண்டும் ஒருமுறை கைக்கு வந்தால் பரிசுக்கும் பயன்படும், அதற்குப் பின் வரும் மற்ற ஒன்றிய நாடுகளுக்கும் பயன்படும். சின்னமில்லாத ஏற்றுமதி லேபலை அச்சுக்குக் கொடுக்கும் முன் பிரெஞ்சு மொத்த வியாபாரியின் கண்ணில் காட்டுங்கள். முதல் சரக்கை வழக்கமான பியரோடு 60 பெட்டியாக அனுப்பிப் பெற்றறிக்கை ஐந்து நாளில் வருகிறதா என்று பாருங்கள். லண்டன் உணவகத்துக்கு விருந்துத் திகதி இருந்தால், அதற்கு ஆறு வாரம் முன்பே முகவரை அமர்த்தச் சொல்லுங்கள். உறவினரிடம் இன்றைக்கே கேட்க வேண்டியது அந்த 13 இட எண், இல்லையென்றால் அது வைத்திருக்கும் மொத்த வியாபாரியின் பெயர்.